நான்கு நோயாளிகளில் யார் முதலில்? ஒரு தேர்வுக் கேள்வியின் உலகப் பயணம்

காலை டியூட்டி தொடங்குகிறது. நான்கு நோயாளிகள் உங்கள் பொறுப்பில். ஒருவருக்கு நேற்று முழங்கால் மூட்டு மாற்று அறுவை. வலி பத்துக்கு ஆறு என்கிறார். இரண்டாமவர் சர்க்கரை நோயாளி. வெறும் வயிற்றில் 180 காட்டுகிறது. மூன்றாமவர் தைராய்டு அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவர். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். நான்காமவர் இன்று வீட்டுக்குப் போகிறவர். மாத்திரை விவரம் கேட்டு மூன்று முறை மணியடித்துவிட்டார். முதலில் யாரிடம் போவீர்கள்?

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற ‘என்க்ளெக்ஸ்’ எழுத வேண்டும். அதற்குத் தயாராகும் எவரும் இந்த மாதிரிக் கேள்விகளை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்த்திருப்பார்கள். கோட்டயத்துப் பயிற்சி மையத்திலும் மணிலா விடுதி அறையிலும் சென்னை மின்சார ரயிலிலும் கைபேசித் திரையில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு விடை, ஒன்று சரி, பின்னாலேயே ‘ஏன்’ என்று ஒரு பத்தி விளக்கம். இத்தனை பழகிய இந்தச் சின்ன உருவம் ஒரே இடத்தில் பிறக்கவில்லை. கான்சாஸ் பள்ளிக்கூடம், நெப்போலியனின் போர்க்களம், டென்மார்க் ராணுவம், காரின் ஸ்பார்க் பிளக் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் அதன் உறுப்புகள் முளைத்தன. பெரும்பாலும் யாருக்கோ நேரமில்லாத அவசரத்தில் முளைத்தன.

கேள்விக்கு முன்னால் ஒரு சண்டை இருந்தது: செவிலியரைத் தேர்வு வைத்து அளக்க முடியுமா? முடியாது என்று உறுதியாக நின்றவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்களின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு ஊரறிந்தது. படைவீரர்களின் மரணங்களை வண்ண வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தவர். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். அப்படிப்பட்டவர், நோயாளியின் அருகில் நிற்பவளின் குணத்தையும் கவனிப்பையும் தேர்வுத்தாள் காட்டாது, பதிவேட்டில் பெயர் ஏறியதாலேயே ஒருத்தி நல்ல நர்ஸ் ஆகிவிட மாட்டாள் என்றார்.

எதிரணியில் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் முன்னாள் மேட்ரன். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பொதுமக்கள் வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டாமா, அதற்கு அரசுப் பதிவேடும் தேர்வும் வேண்டாமா என்பது அவர் வாதம். 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கிப் போராடினார். சட்டம் வர 32 ஆண்டுகள் ஆயின. 1919இல் சட்டம் வந்தது; அதன்படி பின்னர் திறந்த பதிவேட்டின் முதல் எண் அவருக்கே கிடைத்தது.

லண்டனில் வாதம் நீண்டுகொண்டிருக்கையில் யோசனை மட்டும் கப்பலேறிவிட்டது. முதலில் இறங்கியது தென்னாப்பிரிக்காவின் வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில். அங்கே செவிலியர்களைப் பயிற்றுவித்த சிஸ்டர் ஹென்ரியெட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால், கேப் காலனி 1891ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்திலேயே செவிலியர் பதிவையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாண்டு கழித்து சிகாகோவில் உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசிப் புகழ்பெற்ற அதே 1893 சிகாகோதான். அங்கே கூடிய அமெரிக்கச் செவிலியர் தலைவர்கள் ஃபென்விக்கின் பேச்சில் உற்சாகமாகித் தங்களுக்கும் ஒரு சங்கம் கண்டார்கள். நியூசிலாந்திலிருந்து 1899 லண்டன் மாநாட்டுக்கு வந்த கிரேஸ் நீல் ஊர் திரும்பிச் சட்ட வரைவில் கைவைத்தார். 1901இல் செவிலியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடானது நியூசிலாந்து. மறு ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி எலன் டோகர்ட்டி அந்தப் பதிவேட்டில் முதல் பெயராக ஏறினார். 1903இல் அமெரிக்காவின் வட கரோலினா. 1926இல் நம் மதராஸ் மாகாணத்திலும் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது; தமிழ்நாட்டில் செவிலியர் பதிவு இன்றும் அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கேள்வித்தாள் தயாரித்தது. விடைகளைக் கட்டுரையாக எழுத வேண்டும். கட்டுரை என்றால் திருத்துபவரின் மனநிலையும் மதிப்பெண்ணில் சேர்ந்துகொள்ளும். இதைப் பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தன. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து 142 ஆசிரியர்களுக்கு அனுப்பி 1912இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஐம்பது போட்டவரும் உண்டு, தொண்ணூற்றைந்தைத் தாண்டியவரும் உண்டு. கணக்கென்றால் இப்படி ஆகாது என்று வாய்ச்சவடால் விட்டவர்களுக்காக வடிவகணிதத் தாளையும் அனுப்பினார்கள். இடைவெளி இன்னும் அகன்றது.

இந்தக் குளறுபடியில் சிக்கியவர்தான் பிரெடெரிக் கெல்லி. ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவதில் உள்ள தாறுமாறுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, 1914 வாக்கில், மௌன வாசிப்புக்கு ஒரு சோதனை வடிவமைத்தார். பசு, புலி, எலி, ஓநாய் என்ற நான்கில் பண்ணைக்கு உதவும் விலங்கைச் சுற்றி ஒரு கோடு போடச் சொல்வது அதில் ஒரு கேள்வி. எவர் திருத்தினாலும் மதிப்பெண் ஒன்றே. திருத்தச் சில நொடிகளே. கொள்குறி வினாவின் வம்சத்தில் எழுத்தில் கிடைக்கும் மூதாதை இந்தப் பசுதான். பிறகு ஐடஹோ பல்கலைக்கழகத் தலைவரான கெல்லி, துண்டு துண்டான அறிவைவிட அகலமான கல்வியே தேவை என்று வாதாடினார். அதற்குள் அவர் பெற்ற பிள்ளை வீட்டைவிட்டு வெகுதூரம் போயிருந்தது.

அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்தது ராணுவம். 1917இல் முதல் உலகப்போரில் இறங்கிய அமெரிக்காவுக்கு லட்சக்கணக்கான இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, யார் அதிகாரி, யார் சமையற்காரர் என்று அவசரமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியடோர் சிமோன் இருவரும் குழந்தைகளின் அறிவை அளக்க ஒரு முறை செய்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீனப் பேரரசின் ஆட்சிப்பணித் தேர்வு ரத்தானதும் அதே 1905இல்தான். ஒரு கடை மூடிய ஆண்டில் இன்னொரு கடை திறந்தது. ஆனால் பினேயின் முறையில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் எதிரே உட்கார வேண்டும். ராணுவத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஆர்தர் ஓட்டிஸ் கூட்டமாக உட்காரவைத்து நடத்தும் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் விடைகளைப் பயன்படுத்தியிருந்தார். ராபர்ட் யெர்க்கிஸ் தலைமையிலான உளவியலாளர் குழு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. போர் முடிவதற்குள் 17 லட்சம் பேர் அந்தச் சோதனைகளை எழுதிவிட்டார்கள். போர் முடிந்ததும் கேள்வியும் சீருடையைக் கழற்றிவிட்டுக் கல்லூரி வாசலுக்கு வந்தது. 1926இல் ‘சாட்’ நுழைவுத்தேர்வு பிறந்தது.

எழுதுவது வேகமாகிவிட்டது. திருத்துவது? விடை அட்டையில் ஓட்டை போட்ட தாளை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன்வுட் என்ற ஊரில் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியருக்குத் தன் சிறுவயதுக் குறும்பு ஒன்று நினைவுக்கு வந்தது. காரின் ஸ்பார்க் பிளக் மேல் பென்சிலால் கோடு கிழித்துவிட்டால் வண்டி கிளம்பாது. பென்சில் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி, பொறி பறக்க வேண்டிய இடத்துக்கு அதைப் போகவிடாது. அப்படியானால் விடைத்தாளில் பென்சில் குறி எங்கே இருக்கிறது என்று மின்சாரமே சொல்லிவிடும் அல்லவா? யோசனையை ஐபிஎம் வாங்கிக்கொண்டு 1934இல் ஆளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1930களின் இறுதியில் ‘ஐபிஎம் 805’ திருத்தும் இயந்திரம் சந்தைக்கு வந்தது. இதே ஜான்சன்தான் பின்னாளில் கணினியின் முதல் ஹார்டு டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். தேர்வு மையங்களில் இந்த வகைப் பென்சில்தான் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பு காட்டியதற்குப் பின்னால் ஒரு பையனின் வம்பு இருந்திருக்கிறது.

கேள்வியும் இயந்திரமும் செவிலியர் உலகத்துக்குள் ஜோடியாக நுழைந்தது இரண்டாம் உலகப்போரில். போர்முனைக்கு நர்ஸ்கள் போய்விட, உள்நாட்டு மருத்துவமனைகள் ஆளில்லாமல் தவித்தன. 1943இல் போல்டன் சட்டம் வழியாக ‘கேடட் நர்ஸ்’ திட்டம் தொடங்கியது. படிப்புச் செலவு, உதவித்தொகை, சாம்பல் நிறச் சீருடை எல்லாம் அரசாங்கத்துடையது. திட்டம் முடிவதற்குள் அதில் படித்துத் தேறியவர்கள் 1 லட்சத்து 24 ஆயிரம் பேர். இத்தனை பேரின் கட்டுரைகளை மாநில வாரியங்கள் எப்போது படித்து, எப்போது பதிவு கொடுப்பது? ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கேள்வி எழுதுவதைவிட ஒரே தொகுப்பிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே இடத்தில் இயந்திரம் திருத்தட்டும் என்று முடிவானது. 1944இல் பொதுத் தொகுப்புத் தேர்வு தொடங்கியது. 1950க்குள் எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. நைட்டிங்கேல், ஃபென்விக் வாதத்துக்கு யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நேரமில்லை என்பதால் கட்டுரை போய்க் கட்டம் வந்தது.

கட்டம் வந்ததும் ஒரு குறை பளிச்சென்று தெரிந்தது. இயல்பான உடல் வெப்பம் எவ்வளவு, இன்சுலின் எங்கே சுரக்கிறது என்பன போன்ற மனப்பாடக் கேள்விகளை எழுதுவது சுலபம். நினைவாற்றல் உள்ளவர் ஜெயிப்பார். அவர் நல்ல நர்ஸாக இருப்பாரா என்பது வேறு விஷயம். இதற்கான மருந்தும் வேறொரு கடையில் தயாரானது. 1948இல் பாஸ்டனில் நடந்த உளவியல் மாநாட்டில் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். தங்கள் கேள்விகளை ஒருவருக்கொருவர் பண்டமாற்றுச் செய்ய வேண்டுமானால், எந்தக் கேள்வி எந்த வகை என்று சொல்ல ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். அந்தக் கொடுக்கல்வாங்கல் ஆசையிலிருந்து வளர்ந்ததுதான் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு: நினைவுகூர்தல் கீழ்ப்படி, புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல் என்று மேல்படிகள். நம் பி.எட். மாணவர்கள் பாடத்திட்டத்தோடு திட்டிக்கொண்டே படிக்கும் அதே புளூம்தான். செவிலியர் தேர்வு மெல்ல மெல்ல அந்தப் படியில் ஏறியது. இன்று அதன் கேள்விகளில் பெரும்பாலானவை ‘பயன்படுத்துதல்’ படியிலோ அதற்கு மேலோ நிற்பவை.

மேலே ஏறிய கேள்விக்கு விடை காண மாணவர்களுக்கும் கருவிகள் தேவைப்பட்டன. பயிற்சிப் புத்தகங்களின் விளக்கப் பத்தியில் திரும்பத் திரும்ப வரும் விதிகள் அவைதான். ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரிலிருந்து வந்த விருந்தாளி. யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு வழி காட்டியவர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே. ஜெனரலோ சிப்பாயோ, பதவியைப் பார்க்காதே, காயத்தின் கடுமையைப் பார் என்றார். உடல் தேவை முதலில், பாதுகாப்பு அடுத்து, அன்பும் மதிப்பும் பிறகு என்ற வரிசை ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. புகழ்பெற்ற அந்தப் பிரமிடுப் படத்தை அவர் வரையவில்லை. அவரைப் படித்துவிட்டு எழுதிய நிர்வாகவியல்காரர்கள் வரைந்தார்கள். நர்ஸ் வகுப்பறைகள் படத்தோடு கடன் வாங்கிக்கொண்டன. செயலில் இறங்குமுன் நோயாளியை மதிப்பிடு என்ற விதி, 1950களிலும் 60களிலும் லிடியா ஹால், ஐடா ஜீன் ஒர்லாண்டோ போன்ற செவிலியர்களே வகுத்த செவிலிய நடைமுறையிலிருந்து வந்தது.

இவை எல்லாவற்றிலும் மாணவர்கள் அதிகம் உச்சரிக்கும் மந்திரம் ‘ஏ, பி, சி’: மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பால்டிமோரில் வேலை பார்த்த மயக்க மருந்தியல் நிபுணர் பீட்டர் சஃபார், மயங்கிக் கிடப்பவரின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சுவழி திறக்கிறது என்று 1950களில் தன்னார்வலர்களைக் கொண்டு நிரூபித்தார். முதலிரண்டு எழுத்துகள் கிடைத்தன. மூன்றாவது, அதே ஊரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தற்செயலாகக் கிடைத்தது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை நாயின் மேல் சோதித்துக்கொண்டிருந்த கை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர், கனமான தட்டுகளை மார்பில் அழுத்தியபோதே, மின்சாரம் பாயுமுன்பே, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்துவிட்டார். நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று 1960இல் அந்தக் குழு உலகுக்கு அறிவித்தது.

இப்போது நம் நான்கு நோயாளிகளிடம் வரலாம். மணியடிப்பவரின் அவசரம் மாஸ்லோவின் படியில் பின்னால் நிற்கிறது. வலி முக்கியம்தான், அறுவைக்கு மறுநாள் எதிர்பார்த்த வலி அது. சர்க்கரை 180 கவனிக்க வேண்டியது, ஓட வேண்டியதில்லை. கழுத்தில் அறுவை நடந்தவருக்கு மூச்சிழுக்கையில் கீச்சொலி வருகிறதென்றால் வீக்கமோ ரத்தக்கசிவோ மூச்சுக்குழலை நெருக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நிமிடக் கணக்கில் நிலைமை கைமீறும். எனவே மூன்றாமவர். கட்டத்தைத் தொடும் விரலுக்குப் பின்னால் லாரேயும் மாஸ்லோவும் சஃபாரும் வரிசையில் நிற்கிறார்கள். மந்திரத்துக்கும் திருத்தம் உண்டு: இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சழுத்தமே முதல் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் வரிசையை ‘சி, ஏ, பி’ என்று மாற்றியது. தேர்வு எழுதுபவர் நோயாளிக்கு நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த வரிசை என்று முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி இருக்கும் இடத்தில் கேள்வி வியாபாரமும் வந்துவிடும். அந்தத் தொழிலின் பிதாமகர் ஸ்டான்லி காப்லன். 1938இல் நியூயார்க் புரூக்ளினில் பெற்றோர் வீட்டின் நிலவறையில் டியூஷன் தொடங்கியவர். ‘சாட்’ தேர்வுக்குப் பயிற்சி எடுத்துப் பயனில்லை என்று தேர்வை நடத்துபவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவரிடம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தேர்வு முடிந்த அன்று மாணவர்களுக்கு விருந்து வைத்து, நினைவில் நின்ற கேள்விகளைச் சொல்லச் சொல்வாராம். சாப்பாட்டுக்கு விலை, ஆளுக்கொரு கேள்வி. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் இன்று செவிலியர் தேர்வுக்கும் பயிற்சி தருகிறது. அவரைப் பார்த்துப் பிறந்த போட்டியாளர்கள் புத்தகமாகவும் செயலியாகவும் பெருகிவிட்டார்கள். தேர்வு எழுதுபவர்கள் உண்மைக் கேள்வியைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுவிட்டதால், சாயலில் ஒத்த கேள்விகளைப் புதிதாக எழுதி, தவறான மூன்று விடைகளும் ஏன் தவறு என்று விளக்குவதே இவர்களின் சரக்கு. அந்த விளக்கப் பத்திகளைப் படித்தே பலர் நோயாளியை வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். தேர்வின் நகல், தேர்வைவிட நல்ல ஆசிரியராகிவிட்டது.

1978இல் மாநில வாரியங்கள் தங்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கின. 1982இல் தேர்வு ‘என்க்ளெக்ஸ்’ என்று பெயர் மாறியது. ஆண்டுக்கு இரண்டு முறை, பெரிய மண்டபங்களில், இரண்டு நாள் பென்சிலும் தாளுமாக நடக்கும். முடிவுக்காகக் காத்திருப்பது தனித் தவம். 1994 ஏப்ரலில் தாள் மறைந்தது. கணினி வந்தது, சாதாரணக் கணினித் தேர்வாக இல்லாமல், எழுதுபவருக்குத் தகுந்தபடி கேள்வியை மாற்றும் தேர்வாக. நாடு தழுவிய உரிமத் தேர்வுகளில் இந்த முறைக்கு முதலில் மாறியது செவிலியர் தேர்வுதான்.

இதன் கணக்கு டென்மார்க்கில் பிறந்தது. கணிதவியலாளர் கியோர்க் ராஷ், டென்மார்க் ராணுவத்துக்கான அறிவுச் சோதனைகளில் உழைத்து, 1960இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆளின் திறமையையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் குறிக்கலாம் என்பது அதன் சாரம். அப்படிக் குறித்துவிட்டால் தராசில் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைப்பதுபோல வேலை செய்யலாம்: சரியாகச் சொன்னால் கனமான கேள்வி, தவறினால் இலகுவானது, முள் எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை. எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறார் அல்லது கீழே இருக்கிறார் என்று 95 சதவீத உறுதி வந்ததும் கணினி நிறுத்திக்கொள்ளும். குழந்தையின் பதிலுக்கேற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுத்த பினேயின் பழைய முறைதான் இது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் நாற்காலியில் இப்போது இயந்திரம்.

இந்த முறையில் கெட்டிக்காரருக்கும் பாதிக் கேள்விகள் கடினமாகவே தோன்றும். அதனால் தேர்வறையிலிருந்து வெளியே வருகிற எல்லோருக்கும் தோற்றுவிட்ட உணர்வு. இப்போது குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. மொத்தம் ஐந்து மணிநேரம். 85லேயே திரை அணைந்தால் பாஸா ஃபெயிலா என்று ஒரு தனிச் சாத்திரமே உருவாகிவிட்டது. இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பதுதான் உண்மை. முடிவு வருமுன்னே அதே தேர்வுக்கு மறுபடி பணம் கட்ட முயன்று, இணையதளம் அனுமதிக்க மறுத்தால் பாஸ் என்று கொள்ளும் குறி பார்த்தலும் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதை நம்ப வேண்டாம் என்று தேர்வமைப்பு சொல்லியும் யாரும் விடுவதாக இல்லை.

கேள்வி அமெரிக்காவுக்குள் வளர, ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள். பிலிப்பீன்ஸை ஆண்ட காலத்தில் அமெரிக்கர்கள் அங்கே 1906 முதல் செவிலியர் பள்ளிகள் தொடங்கியிருந்தார்கள். பாடமும் அமெரிக்கப் பாணி, மொழியும் ஆங்கிலம். 1965இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்ததும் பிலிப்பீன்ஸ் நர்ஸ்கள் பெருமளவில் வந்தார்கள்; பின்னால் கேரளமும் தமிழகமும். வந்த பிறகு உரிமத் தேர்வில் பலர் தோற்றதால், ஊரிலேயே முன்கூட்டிச் சோதிக்க 1977இல் பிலடெல்பியாவில் ஒரு ஆணையம் உண்டானது. உரிமத் தேர்வை எழுதவோ அமெரிக்க மண்ணை மிதித்தாக வேண்டியிருந்தது. மணிலாவாசிகள் அமெரிக்கக் கொடி பறக்கும் குவாம், சைப்பான் தீவுகளுக்கு விமானம் ஏறினார்கள். 2005 ஜனவரியில் லண்டன், சியோல், ஹாங்காங் நகரங்களில் முதன்முறையாக வெளிநாட்டு மையங்கள் திறந்தன. இந்தியாவுக்கும் வந்தது, சென்னையிலேயே எழுதலாம் என்றானது. 2015இல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் தங்கள் சொந்தத் தேர்வை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2020 முதல் வெளிநாட்டுச் செவிலியர்களுக்கு இதை வைக்கிறது.

பிரிட்டனோ பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. 2014 முதல் அங்கே போகும் வெளிநாட்டுச் செவிலியர் சொந்த ஊரில் கணினித் தேர்வு எழுதினால் போதாது. பிரிட்டனுக்குப் போய் நிலையம் நிலையமாக நகர்ந்து, நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, ஊசி போட்டு, குறிப்பெழுதிக் காட்ட வேண்டும். ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கிய செயல்முறைத் தேர்வு அது. நைட்டிங்கேலின் நாடு கையையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறது.

கட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2006 ஜூனில் பிலிப்பீன்ஸின் சொந்த உரிமத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். இரண்டு தாள்களின் கேள்விகள் பயிற்சி மையங்கள் வழியே முன்பே கசிந்திருந்தன. அந்தத் தேர்வில் தேறியவர்கள் அந்தத் தாள்களை மறுபடி எழுதினால்தான் விசாச் சான்று என்று பிலடெல்பியா ஆணையம் சொல்லிவிட்டது. நேர்மையாகப் படித்தவர்களும் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். இரண்டாவது, 2023 ஜனவரியில் அமெரிக்காவிலேயே வெடித்தது. புளோரிடாவின் மூன்று செவிலியர் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்வில் உண்மையிலேயே தேறியிருந்தார்கள். படிப்பு பொய், பாஸ் மெய். விசாரணைக்கு வைத்த பெயர் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’. அந்த அம்மையார் எதை எச்சரித்தாரோ அதற்கே அவர் பெயர்.

தேர்வை நடத்துபவர்களுக்கும் இந்த இடைவெளி முன்பே உறுத்தியிருந்தது. சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற கேள்வி 2003 வாக்கில் நுழைந்து மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்தில் ஒன்று தவறினாலும் பூஜ்யம். 2023 ஏப்ரல் 1ஆம் தேதி தேர்வு முழுசாக உருமாறியது. இப்போது ஒரு நோயாளியின் கதை திரையில் விரியும்: நர்ஸின் குறிப்பு, ஆய்வக முடிவு, மருத்துவரின் உத்தரவு. அதன் மேல் தொடர்ச்சியாக ஆறு கேள்விகள். எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எது முதல் ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா? பாதி சரியென்றால் பாதி மதிப்பெண்ணும் உண்டு. விடைத்தாளை விட்டு வெளியேறிய கட்டுரை எண்பது ஆண்டு கழித்துத் துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது. இம்முறை திருத்துபவருக்கு மனநிலை கிடையாது. செவிலியரை அளக்க முடியாது என்றவரும் அளந்தே ஆக வேண்டும் என்றவரும் இன்று இருந்தால் இந்தத் திரையின் முன் கொஞ்ச நேரமாவது சண்டையை நிறுத்தியிருப்பார்கள்.

இந்த வம்சம் எப்படித் தொடர்கிறது என்பதும் சுவாரசியமானது. புதுக் கேள்வி எவ்வளவு கடினம் என்று எழுதியவருக்கே தெரியாது. ராஷின் அளவுகோலில் அதைக் குறிக்க நிஜமான ஆட்கள் விடை சொல்லிப் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரின் தேர்விலும் மதிப்பெண்ணில் சேராத 15 சோதனைக் கேள்விகள் கலந்திருக்கும். எவை என்று எழுதுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்கக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுத மேலும் 150 டாலர் கட்டிவிட்டுச் சென்னை மையத்தில் உட்கார்ந்து, மணிக்கணக்காக மூளையைக் கசக்கும் அந்த நர்ஸ், தன் தேர்வை எழுதுகிற அதே நேரத்தில் தனக்குப் பின் வரப்போகும் யாரோ ஒருவரின் கேள்விக்கும் சம்பளமில்லாமல் எடை போட்டுத் தருகிறார். அவர் வியர்த்துத் திணறும் கேள்வி அடுத்த ஆண்டு டொராண்டோவிலோ மணிலாவிலோ ஒருவரின் உரிமத்தைத் தீர்மானிக்கலாம். இன்று அவர் பயிற்சிக்குப் போட்டுப் பார்க்கும் கேள்விகளும் முன்பு யாரோ திணறிவைத்தவற்றின் சாயலில் எழுதியவைதான்.